தூரிகைக்குத் திரும்பிய கிதார்க் கலைஞர்

ஒரு கலைஞரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும், உலகம் அவரை அறிந்துகொண்ட நாளில் தொடங்கி, உலகின் கண்ணிலிருந்து அவர் மறைந்த நாளில் முடித்துவிடுகின்றனர். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகள் அவர்களுடைய கணக்கில் ஏறுவதில்லை. ஆங்கில நாட்டு ராக் இசையில் பெயர்பெற்ற சிட் பாரெட் என்பாரின் வரலாறு இவ்வாறு குறுக்கப்பட்டவற்றுள் ஒன்று. அவர் 'பிங்க் ஃபிளாய்ட்' என்னும் இசைக்குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அதன் பாடகர், பாடலாசிரியர், கிதார்க் கலைஞர். 22 வயதில் அக்குழுவை இழந்தார். பின்னர் இரண்டு நெடுந்தட்டுகளைத் தந்துவிட்டு மறைந்தார். பல நூல்கள் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. ஆயினும் அவர் வாழ்ந்தது 60 ஆண்டு. கிதார் ஏந்தி மக்கள்முன் நின்ற காலம் அதில் பத்து ஆண்டுகூட இல்லை. தூரிகை ஏந்திய காலமோ பள்ளிப் பருவத்தில் தொடங்கி, இடையில் சிறிது தளர்ந்து, இறுதிவரை நீண்டது. அந்த முழு வாழ்வையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கேம்பிரிட்ஜ் நகரில் 1946ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ரோஜர் கீத் பாரெட். உடன்பிறந்தோர் ஐவருள் அவர் நான்காமவர். தந்தையார் நோய்க்கூற்றியல் துறையில் வல்ல மருத்துவர். வீட்டில் கலைகளுக்கு ஆதரவு இருந்தது. ஏழு வயதில் தங்கையுடன் சேர்ந்து பியானோ வாசித்துப் பரிசு பெற்ற சிறுவன், பத்து வயதில் யூக்கலேலி என்னும் சிறு தந்தி வாத்தியத்தையும், அடுத்த ஆண்டில் பாஞ்சோவையும், பதினான்கில் கிதாரையும் கையில் எடுத்தான். அதற்கு அடுத்த ஆண்டிலேயே மின்சாரக் கிதார் ஒன்றை வாங்கி, அதற்கு வேண்டிய ஒலிபெருக்கியைத் தானே அமைத்துக்கொண்டான். இவ்வளவுக்கும் இடையில் வரைவதும் வண்ணம் தீட்டுவதும் அவனுக்கு முதன்மையான ஈடுபாடாக இருந்தன. ஓவியனாக வேண்டும் என்பதே அவன் கருதிய தொழில்.

'சிட்' என்பது பதினான்கு வயதளவில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அவ்வூரில் அதே குடிப்பெயருடைய பழைய ஜாஸ் கலைஞர் ஒருவரின் பெயரையொட்டி அது வந்தது. வீட்டார்க்கு அவர் என்றும் ரோஜரே. வெளியூரில் அலுவலகத்தார் அழைக்கும் பெயர் ஒன்றும், வீட்டார் அழைக்கும் பெயர் ஒன்றுமாக வாழ்வது நம்மில் பலருக்குப் பழகிய செய்தி. பாரெட்டின் வாழ்வில் அவ்விரு பெயர்களும் மெல்ல மெல்ல இரு வேறு மனிதர்களைக் குறிக்கலாயின. ஒருவர் ஊரார்க்கு உரியவர். மற்றவர் தமக்கே உரியவர்.

1961ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் தந்தையார் புற்றுநோயால் காலமானார். மகனுக்கு அப்போது பதினாறு நிறைய ஒரு மாதம்கூட இல்லை. நாட்குறிப்பு எழுதும் வழக்கமுடைய அவ்விளைஞர், அந்த நாளுக்குரிய பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டுவிட்டார். துயரத்தைச் சொல்லாமல் வெற்றிடமாக விடும் அப்பழக்கத்தைப் பிற்கால வாழ்விலும் காண்கிறோம்.

ஈண்டு அக்காலத்து ஆங்கில நாட்டின் கலைக் கல்லூரிகளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அவற்றை அறியாமல் இக்கதை விளங்காது. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் உயர்நிலைப் பள்ளியின் கதவை எல்லார்க்கும் திறந்தது. அதற்கு மேல் பயில விரும்புவோர்க்கு உள்ளாட்சி மன்றங்கள் உதவித்தொகை வழங்கின. நகரந்தோறும் ஒரு கலைக் கல்லூரி இருந்தது. பரீட்சையில் உயர்ந்த எண்கள் பெறாதவராயினும், தாம் வரைந்த படங்களைக் காட்டித் தகுதி விளங்கச் செய்தால் இடம் கிடைக்கும். 1960ஆம் ஆண்டின் இறுதியோடு கட்டாயப் படைச் சேவைக்கு ஆள் எடுப்பதும் நின்றது. ஆகவே, பதினெட்டு வயது இளைஞர்க்கு அதற்கு முன் எந்தத் தலைமுறைக்கும் கிட்டாத ஓய்வும், சிறு பணமும், பரிசோதனை செய்யும் உரிமையும் ஒருங்கே கிடைத்தன. அவர்களுள் பலர் பகலில் படம் வரைந்தனர். மாலையில் கிதார் பயின்றனர்.

அக்கல்லூரிகளிலிருந்து புறப்பட்டு வந்தோரின் வரிசை வியப்புக்குரியது. 'பீட்டில்ஸ்' குழுவின் ஜான் லென்னன் லிவர்பூல் கலைக் கல்லூரியில் பயின்றவர். 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் சிட்கப் கல்லூரி மாணவர். எரிக் கிளாப்டன் கிங்ஸ்டனிலும், ரே டேவிஸ் ஹார்ன்சியிலும், 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ஈலிங்கிலும் பயின்றனர். இவர்களுள் பெரும்பாலோர்க்கு ஓவியப் பயிற்சி இசைக்கு ஏறும் படியாக அமைந்தது. ஏறிய பின் படியை மறந்தோரும் உண்டு. பாரெட் அப்படியிராமல் மீண்டும் அப்படியிலேயே வந்து அமர்ந்தவர்.

1962ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் தொழில்நுட்பக் கல்லூரியின் ஓவியப் பிரிவில் அவர் சேர்ந்தார். அங்கே மொழிகள் பயின்றுகொண்டிருந்த டேவிட் கில்மோர் என்னும் இளைஞரின் நட்பு கிடைத்தது. இருவரும் உணவு இடைவேளையில் கிதார் பயில்வார்கள். 1964ஆம் ஆண்டு பாரெட் லண்டன் மாநகரின் கேம்பர்வெல் கலைக் கல்லூரிக்கு ஓவியம் பயிலச் சென்றார். அதே நகரில் ரீஜெண்ட் தெருப் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை பயின்ற ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகியோர் ஓர் இசைக்குழு அமைத்திருந்தனர். வாட்டர்ஸ் கேம்பிரிட்ஜில் பாரெட் பயின்ற பள்ளியிலேயே பயின்றவர். இரண்டு ஆண்டு மூத்தவர். பாரெட் அக்குழுவில் சேர்ந்தார். அமெரிக்கத் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்னும் இரு கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களின் பெயர்களை இணைத்துக் குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவரே.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. பஞ்சாபில் பியாஸ் ஆற்றங்கரையில் தலைமையிடம் கொண்ட ராதா சுவாமி சத்சங்கத்தின் நெறியில் பாரெட்டின் கேம்பிரிட்ஜ் நண்பர் சிலர் ஈடுபட்டனர். அந்நெறியில் சேர்வோர் புலாலும் மதுவும் போதைப்பொருளும் விலக்குதல் வேண்டும். பாரெட்டும் தீட்சை பெற விரும்பினார். ஆனால், அவர் வயதில் இளையவர், மாணவர், முதலில் கல்வியை முடிக்கட்டும் என்று அவருக்கு மறுக்கப்பட்டது. இது 1965ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அந்த வாயில் திறந்திருந்தால் பின்னர் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது வரலாற்றின் வேலை அன்று. புகழ் வருவதற்கு முன்னரே அவர் உள்முகமாகத் திரும்பும் வழி ஒன்றைத் தேடினார் என்பது மட்டும் கருதத்தக்கது.

பாரெட்டின் கிதார் வாசிப்பு ஓவியக் கூடத்தில் பிறந்தது என்றால் அது மிகையாகாது. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக், கித்தானைத் தரையில் விரித்து அதன்மீது வண்ணங்களைச் சொட்டவும் வீசவும் செய்து வரைந்தவர். 1958ஆம் ஆண்டு லண்டன் வைட்சேப்பல் கலைக்கூடத்தில் நடந்த அவருடைய ஓவியக் காட்சி இளம் ஓவியர்களை ஆட்கொண்டது. அவ்வாறு ஆட்பட்டவருள் கீத் ரோ என்பவர் ஒருவர். அவர் ஓவியம் பயின்றவர். ஜாஸ் கிதார் வாசித்தவர். பிறர் வாசித்ததைப் போலவே வாசிப்பது பிறர் வரைந்த படத்தைப் பார்த்து வரைவதற்கு ஒப்பாகும் என்று கருதினார். பொல்லாக் கித்தானைக் கிடத்தியது போலவே, அவர் கிதாரை மேசைமீது கிடத்தி, உலோகத் துண்டுகளையும் பிற பொருள்களையும் தந்திகளின்மேல் வைத்து ஒலி எழுப்பலானார். அவர் சேர்ந்திருந்த ஏ.எம்.எம். என்னும் குழுவின் வாசிப்பை 1966ஆம் ஆண்டு பாரெட் நேரில் கண்டார். ஓவிய மாணவர் ஒருவர்க்கு அது புதிராகத் தோன்றியிராது. தாம் கல்லூரியில் பயின்ற பாடமே ஒலியாக மாறி வந்ததாகத் தோன்றியிருக்கும்.

கோட்டு வாத்தியத்தில் மரக்கோட்டைத் தந்திகள்மீது வழுக்கிச் செலுத்திக் கமகங்கள் எழுப்புவதை நேயர்கள் அறிவார்கள். பாரெட் சிகரெட் பற்றவைக்கும் ஜிப்போ லைட்டரை அவ்வாறு தந்திகள்மீது வழுக்கவிட்டார். கோட்டு வாத்தியக் கலைஞரின் கருத்து ஸ்வரத்தில் நிற்கும். பாரெட்டின் கருத்தோ ஒலியின் நிறத்தில் நின்றது. எழுந்த ஒலியைப் பின்சன் என்னும் இத்தாலிய எதிரொலிக் கருவியின் வழியே செலுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தார். ஈர வண்ணத்தின்மேல் வேறு வண்ணம் பூசினால் இரண்டும் கலந்து மூன்றாவது நிறம் தோன்றுவது போன்றது அது. விரல் வேகத்தில் அவரினும் மிக்கார் அக்காலத்தில் பலர் இருந்தனர். அவர்கள் கருதாத இடத்தில் அவர் புதுமை கண்டார்.

அவருடைய ஃபெண்டர் கிதாரின் முகப்பில் வட்டமான சிறு கண்ணாடித் தகடுகள் பதிந்திருந்தன. மேடையில் பாய்ந்த ஒளி அவற்றில் பட்டு அரங்கெங்கும் சிதறும். அந்த ஒளிக்கும் ஒரு வரலாறு உண்டு. குழுவினர் குடியிருந்த வீட்டுக்காரர் மைக் லெனார்ட் ஹார்ன்சிக் கலைக் கல்லூரியில் ஒளியும் ஒலியும் இணைக்கும் சோதனைகளில் ஈடுபட்டவர். அச்சோதனைகள் குழுவின் மேடைக்கும் வந்தன. எண்ணெயும் வண்ண நீர்மங்களும் கலந்த கண்ணாடிச் சில்லுகள் சூட்டில் குமிழியிட்டு நெளிய, அவற்றின் உருவம் கலைஞர்கள்மீது வீழ்த்தப்பட்டது. 1966ஆம் ஆண்டு டிசம்பரில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் தொடங்கிய 'யு.எஃப்.ஓ.' என்னும் இரவு மன்றத்தில் இக்காட்சியே அவர்களுக்குப் பெயர் தந்தது. ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த ஒளியில் வாசிப்போர் முகம் தெரியாது. நகரும் வண்ணமே தெரியும். ஓவியர் தம் படத்தின் உள்ளே ஒளிந்து நிற்பது போன்ற நிலை அது. பாரெட் மேடையில் மகிழ்ச்சியோடு இருந்த காலமும் அதுவே.

1967ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஈ.எம்.ஐ. நிறுவனம் 5,000 பவுன் முன்பணம் தந்து அவர்களை ஒப்பந்தம் செய்தது. மார்ச் மாதம் வெளிவந்த 'ஆர்னால்ட் லேன்' என்னும் தட்டு விற்பனை வரிசையில் 20ஆம் இடமும், ஜூன் மாதம் வெளிவந்த 'ஸீ எமிலி ப்ளே' 6ஆம் இடமும் பெற்றன. இரண்டும் பாரெட் இயற்றியவை. ஆகஸ்டு மாதம் முதல் நெடுந்தட்டு வெளியாயிற்று. அதற்கு அவர் இட்ட தலைப்பு, கென்னத் கிரஹாம் 1908ஆம் ஆண்டு எழுதிய குழந்தை நூலின் ஓர் அத்தியாயத்தின் தலைப்பு. அதில் உள்ள பதினொரு உருப்படிகளுள் எட்டை அவர் தனியே இயற்றினார். இரண்டு குழுவினர் அனைவரும் சேர்ந்து அமைத்தவை. பூனை, வேடிக்கைக் குள்ளன், வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மை, மிதிவண்டி என்று சிறுவர் உலகத்துப் பொருள்கள் ஒருபுறம். கோள்களும் விண்வெளியும் மறுபுறம். இத்தட்டின் பின்னட்டையில் உள்ள நிழலுருவச் சித்திரத்தை வரைந்தவரும் அவரே. இசைப்பதிவு நடந்த ஏபி ரோடு நிலையத்தில் அடுத்த கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினர் தம் புகழ்பெற்ற 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தனர் என்பதை நினைத்தால், இருபத்தொரு வயது இளைஞர் எட்டிய இடம் புலப்படும்.

வெற்றி தன் விலையைக் கேட்டது. விற்பனை வரிசையில் ஏறிய தட்டுக்கு முகம் வேண்டும். 1967 ஜூலையில் பி.பி.சி. தொலைக்காட்சியின் வாராந்தர நிகழ்ச்சியில் குழு மும்முறை தோன்றியது. ஒவ்வொரு வாரமும் பாரெட்டின் தோற்றம் நலிந்தது. மூன்றாம் முறை தோன்றவே அவர் தயங்கினார். இரவுதோறும் வெவ்வேறு ஊரில் கச்சேரி. மக்கள் கேட்டதோ வானொலியில் கேட்ட அதே மூன்று நிமிடப் பாட்டு. ஒரே படத்தை நாள்தோறும் மீண்டும் வரையச் சொன்னால் ஓவியர் என்ன செய்வார்? இத்துடன் எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருளை அவர் மிகுதியாக உட்கொண்டார். இதனை மறைப்பதில் பயன் இல்லை. அக்காலத்து இளைஞர் வட்டத்தில் அதனை அறிவின் திறவுகோல் என்று போற்றினர். அத்திறவுகோல் எத்தனை பேருடைய வீட்டைக் குலைத்தது என்பது பின்னரே தெரிந்தது.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் நிலை மோசமாயிற்று. கச்சேரி முழுவதும் ஒரே ஸ்வரத்தை மீட்டுவார்; அல்லது கைகளைத் தொங்கவிட்டு நிற்பார். நவம்பரில் அமெரிக்கா சென்றபோது தொலைக்காட்சியில் பாட்டுக்கு வாயசைக்காமல் வெறித்து நின்றார். அப்பயணம் பாதியில் நின்றது. ஆண்டு முடிவில் பழைய நண்பர் டேவிட் கில்மோர் ஐந்தாவது கலைஞராக அழைக்கப்பட்டார். 1968 ஜனவரியில் ஐவராகச் சில கச்சேரிகள் நடந்தன. 26ஆம் நாள் சவுத்தாம்ப்டனில் கச்சேரி. வண்டியில் செல்லும்போது பாரெட்டை அழைத்துச் செல்ல வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று. அன்று அவருக்காக வண்டி நிற்கவில்லை. ஏப்ரலில் அவர் விலகிய செய்தி முறையாக அறிவிக்கப்பட்டது. அந்த வண்டியில் இருந்தோரைக் குறைகூறுவது எளிது. 1967ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களுள் எவரும் இருபத்தைந்து நிறையாதவர். உதவி செய்யும் வகை அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களுள் சிலர் அக்குற்றவுணர்வை வாழ்நாள் முழுதும் சுமந்தனர் என்பதை அவர்கள் பின்னர் இயற்றிய பாடல்கள் காட்டுகின்றன.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் பாரெட் மீண்டும் தூரிகையை எடுத்தார். லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் பகுதியில் டக்கி ஃபீல்ட்ஸ் என்னும் ஓவியரோடு ஒரு வீட்டில் குடியிருந்தார். தம் அறையின் மரத்தளத்தில் பலகைவிட்டுப் பலகை ஆரஞ்சும் ஊதாவும் தீட்டினார். 1970 ஜனவரியில் வந்த 'தி மேட்கேப் லாஃப்ஸ்' என்னும் தனி நெடுந்தட்டின் அட்டையில் அத்தளத்தைக் காணலாம். பாடியவரைக் காட்டிலும் தளமே கண்ணைக் கவர்கிறது. அதே ஆண்டு நவம்பரில் 'பாரெட்' என்னும் இரண்டாம் தட்டு வந்தது. அதன் அட்டையில் மாணவப் பருவத்தில் அவர் வரைந்த பூச்சிகளின் சித்திரங்கள் அச்சிடப்பட்டன. தேர்ந்த கையின் நுண்ணிய கோடுகள் அவை. இத்தட்டுகளை முடிக்கத் துணைநின்றோர், அவரை விட்டுச் சென்ற அதே நண்பர்கள். தாளம் ஒரு சீராக நில்லாது; ஒருமுறை பாடியது போல் மறுமுறை பாடமாட்டார். ஆகலின் அவர் பாடியதைப் பதிவு செய்துகொண்டு, பிற வாத்தியங்களைப் பின்னர் அதன்மேல் சேர்த்தனர். கேட்போர்க்கு அதில் ஒரு மனம் தள்ளாடுவதும் கேட்கும்; சில இடங்களில் அந்த மனத்தின் தெளிவும் கேட்கும். ஜேம்ஸ் ஜாய்ஸின் இளமைக் காலக் கவிதை ஒன்றுக்கு அவர் அமைத்த மெட்டு அத்தெளிவுக்குச் சான்று.

1972ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் சிறு குழு ஒன்றோடு சில கச்சேரிகள் செய்தார். 1974இல் ஒருமுறை பதிவு நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டார்; ஒன்றும் உருவாகவில்லை. 1975 ஜூன் 5ஆம் நாள் நிகழ்ந்தது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் ஏபி ரோடு நிலையத்தில், பாரெட்டை எண்ணி இயற்றிய நெடும்பாடல் ஒன்றன் பதிவில் ஈடுபட்டிருந்தனர். தலையும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் உள்ளே வந்து அமர்ந்தார். நெடுநேரம் எவருக்கும் அவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தபோது சிலர் கண்ணீர் விட்டனர். இத்துடன் கதையை முடிப்பது வழக்கம். நாடகத்துக்கு அது பொருத்தமான முடிவு. ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாற்றுக்கு அன்று.

1982ஆம் ஆண்டு அவர் லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரத்தை நடந்தே கடந்து தாயார் வீட்டை அடைந்தார் என்பர். அதன்பின் அவர் சிட் அல்லர், ரோஜர். சிட் என்று அழைத்தால் மறுமொழி சொல்வதையும் தவிர்த்தார். பழைய பாடல்களின் உரிமைத் தொகை அவருக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கில்மோர் அதில் கருத்தாக இருந்தார். தாயார் 1991இல் காலமான பிறகும் தனியே ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தார். தோட்டம் இட்டார், மரச்சாமான்களைத் தாமே செய்து வண்ணம் பூசினார், மிதிவண்டியில் கடைக்குச் சென்று வந்தார். கலை வரலாற்றைப் பற்றித் தம் பயனுக்காக ஒரு நூலும் எழுதிவந்தார் என்று அவருடைய தங்கை கூறியிருக்கிறார். 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராக் இசைப் பெருமன்றம் பிங்க் ஃபிளாய்ட் குழுவைச் சிறப்பித்தபோது பாரெட்டின் பெயரும் அதில் இருந்தது. அவர் செல்லவில்லை.

அந்த ஆண்டுகளின் முதன்மையான தொழில் ஓவியமே. அவர் வரைந்தார், வரைந்ததை நிழற்படம் எடுத்தார், பிறகு படத்தை எரித்தார். நிழற்படங்களும் எரியாது தப்பிய சில ஓவியங்களுமே எஞ்சின. முடிந்தது முடிந்ததுதான், அதனைத் திரும்பிப் பார்க்கும் தேவை அவருக்கு இல்லை என்பது தங்கையார் தரும் விளக்கம். இச்செய்தி வெளிவந்தபோது பலர் இதனைப் பித்தின் அறிகுறி என்றனர். சிலர் துறவின் அறிகுறி என்றனர். இரண்டும் அவசர முடிவுகள். நோயை ஞானமாக்கிப் போற்றுவது நோயுற்றவர்க்குச் செய்யும் நன்மை அன்று. அவர் பட்ட துன்பம் மெய், தனிமையும் மெய். ஆனால், இருபது ஆண்டுக்கு மேலாக ஒருவர் நாள்தோறும் ஒரு தொழிலைச் செய்தால், அதனை வெறும் நோய் என்று ஒதுக்குவதும் பொருந்தாது.

அழிப்பதும் கலையின் ஒரு பகுதி என்னும் கருத்து அவர் பயின்ற காலத்துக் கலைக் கல்லூரிகளில் வழங்கியதே. குஸ்டாவ் மெட்ஸ்கர் என்னும் ஓவியர் 1959ஆம் ஆண்டு 'தன்னைத் தானே அழிக்கும் கலை' என்ற கொள்கையை வெளியிட்டார். ஈலிங் கல்லூரியில் அவருடைய சொற்பொழிவைக் கேட்ட பீட் டவுன்ஷெண்ட், 1964 முதல் மேடையில் கிதாரை உடைக்கலானார். அரங்கம் ஆரவாரித்தது; ஒவ்வொரு கச்சேரியிலும் உடைக்கவேண்டிய கட்டாயம் பிறந்தது. அழிவே காட்சியாகிவிட்டது. பாரெட்டின் அழிவை எவரும் காணவில்லை. நம் வீட்டு வாசலில் காலையில் இட்ட கோலம் மாலைக்குள் கால்பட்டு மறைகிறது. அதற்காக எவரும் வருந்துவதில்லை. ஆனால் கோலமும் தெருவில் போவோர் கண்ணுக்காக இடப்படுவது. பாரெட்டின் படங்களுக்குத் தெருவே இல்லை. வரைந்த கையே பார்த்த கண்ணும் ஆயிற்று. தம்மைப் பிறர் பார்க்கும் பார்வையால் ஒருமுறை எரிந்தவர், அப்பார்வை படாத இடத்தில் தம் தொழிலை வைத்துக்கொண்டார் என்று கொள்வதே பொருத்தமாகும்.

அந்தப் பார்வை அவரை விட்டுவிடவும் இல்லை. முப்பது ஆண்டுக் காலம் ரசிகரும் பத்திரிகையாளரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். கடைக்குச் செல்லும்போது ஒளிந்திருந்து படம் எடுத்துப் பத்திரிகையில் வெளியிட்டனர். அவருடைய பாடல்கள்மீது உண்மை அன்பு கொண்டோரும் இதனைச் செய்தனர் என்பதே வருந்தத்தக்கது. அன்புக்கும் உரிமைக்கும் உள்ள எல்லையை அவர்கள் அறியவில்லை.

2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் கணையப் புற்றுநோயால் அவர் மறைந்தார். நவம்பரில் அவருடைய பொருள்கள் கேம்பிரிட்ஜில் ஏலம் விடப்பட்டன. ஓவியங்கள், தாமே செய்த மரச்சாமான்கள், மிதிவண்டி, கலை நூல்கள் ஆகியவை ஒரு லட்சம் பவுனுக்கு மேல் விலைபோயின. அத்தொகை கலை பயிலும் அவ்வூர் மாணவர்க்கு உதவித்தொகையாகும் என்று அறிவிக்கப்பட்டது. உள்ளாட்சி மன்றத்தின் உதவியில் இளைஞர்கள் கலை பயின்ற காலத்தின் பிள்ளை அவர். அவருடைய நாற்காலியும் மேசையும் விற்ற பணம் மீண்டும் அவ்வழிக்கே சென்றது. 2011ஆம் ஆண்டு லண்டனில் அவருடைய ஓவியங்களின் காட்சி நடந்தது. அவற்றைத் தொகுத்த நூலும் வெளிவந்தது.

அந்த ஓவியங்களின் தரத்தைப் பற்றி நடுநிலையோடு கூறுவதாயின், மாணவப் பருவத்துப் படைப்புகளில் உறுதியான கை தெரிகிறது. பிற்காலப் படங்களில் கோடுகளும் கட்டங்களும், மலர்களும் நிலக்காட்சிகளும் சிதறிய சோதனைகளாக நிற்கின்றன. அவற்றால் மட்டுமே அவர் பெயர் நிலைத்திராது. அவர் பெயரை நிறுத்துவது 1967ஆம் ஆண்டின் இசையே. டேவிட் போவி 1973இல் 'ஸீ எமிலி ப்ளே' பாடலைத் தம் தட்டில் பாடிப் பதிவு செய்தார். பின்வந்த இசைஞர் பலரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் ஊரார் போற்றுவதையே ஒருவர் தம் வாழ்வின் உள்ளீடாகக் கொள்ளவேண்டும் என்ற சட்டம் இல்லை. உலகம் அவரிடம் கிதாரைக் கேட்டது. அவர் விரும்பியது தூரிகையை. கிதாரும் அவர் கையில் சிலகாலம் தூரிகையாகவே இருந்தது. அது அவ்வாறு இருக்க முடியாமற்போன நாளில் அவர் அதனைக் கீழே வைத்தார்.

நண்பர்கள் 1975ஆம் ஆண்டு அவரை இழந்துவிட்டதாக எண்ணி இரங்கிப் பாடிய பாடல் இன்றும் உலகெங்கும் கேட்கப்படுகிறது. அது பதிவான நாளில் அவருக்கு வயது 29. அதன்பின் அவர் 31 ஆண்டு வாழ்ந்தார். இரங்கற்பா பாடப்பட்ட வேளையில் அவர் வாழ்நாளில் பாதிகூட முடிந்திருக்கவில்லை. எஞ்சிய பாதியின் பெரும்பகுதியில் கேம்பிரிட்ஜின் ஒரு சிறு தெருவில், ரோஜர் என்னும் பெயருடைய ஒருவர், காலையில் எழுந்து கித்தானின்முன் அமர்ந்துகொண்டிருந்தார்.